டாங்கிப் படைத் தலைவர் தாராப்பூர்



அம்பத்தூரிலிருந்து மேற்கே இரயிலில் செல்வோர் நன்கறிந்த ஊர் ஆவடி. அங்கே 1961-ஆம் ஆண்டில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 'விஜயந்தா' டாங்கி 1965-ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளிவந்தது. இரும்பை உருக்கி டாங்கி செய்துவிடலாம். அதனுள் அமர்வோரின் உறுதியை எந்த உலையில் வார்ப்பது? நான் பன்னாள் எண்ணிப் பார்த்த இவ்வினாவுக்கு, அதே 1965-ஆம் ஆண்டுப் போரில் ஒருவருடைய வாழ்வே விடையாக அமைந்தது. அவர்தாம் லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் புர்ஜோர்ஜி தாராப்பூர்.

1923-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த அவர், பூனாவில் கல்வி பயின்று, ஐதராபாத் சமஸ்தானத்தின் காலாட்படையில் சேர்ந்தார். ஒருநாள் பயிற்சிக் களத்தில் புதுச் சிப்பாய் ஒருவன் எறிந்த கைக்குண்டு தவறி அருகிலேயே விழுந்தது. தாராப்பூர் பாய்ந்து அதனை எடுத்து அப்பால் வீசினார். எனினும் குண்டுச் சிதறல்கள் அவர் மார்பிற் பாய்ந்தன. இதனைக் கண்டு வியந்த தளபதி எட்ரூஸ் அவரை அழைத்துப் பாராட்டினார். அப்பொழுது அவர் வேண்டியது கவசப் படைக்கு மாற்றம் ஒன்றே! இரண்டாம் உலகப் போரில் மேற்காசியாவில் பணியாற்றிய அவர், 1951-இல் 'பூனா குதிரைப் படை' என்னும் டாங்கிப் படைப்பிரிவில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவருமானார்.

1965 செப்டம்பர் 11-ஆம் நாள் சியால்கோட் பகுதியில் பில்லோராவைக் கைப்பற்றும் போர் மூண்டது. நம்மவர் செலுத்தியவை பிரிட்டனில் உருவான செஞ்சூரியன் டாங்கிகள்; எதிரே வந்தவற்றுள் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகளும் இருந்தன. தாராப்பூர் காயமுற்றார். மருத்துவத்திற்குப் பின்னணி செல்லுமாறு கூறியும் மறுத்துவிட்டார். 14-ஆம் நாள் வசீர்வாலி வீழ்ந்தது. 16-ஆம் நாள் ஜசோரனும் புத்தூர் தோக்ராந்தியும் கைவசமாயின. அவருடைய டாங்கியைக் குண்டுகள் பன்முறை தாக்கியும் நிலை பெயரவில்லை. அன்றே அவர் வீரமரணம் எய்தினார். முன்னரே அவர் கூறியிருந்த விருப்பப்படி, போர்க்களத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பெற்றது.

அவர் படை ஏறத்தாழ அறுபது டாங்கிகளை அழித்துத் தன் தரப்பில் ஒன்பதையே இழந்தது என்பது பரம வீர சக்கர விருதுரையின் கூற்று. போர்க் கணக்கு தரப்புக்குத் தரப்பு வேறுபடும். வரலாறு கற்போர் இரண்டையும் ஒப்புநோக்கல் வேண்டும். அப்போரில் சவிண்டா நம் வசமாகவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் அவர் பெருமை எண்ணிக்கையில் இல்லை. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய டாங்கி வீரர் சிலரை அழித்த டாங்கிகளின் தொகையாலேயே அளப்பாருண்டு. அவ்வளவுகோல் போதாது. விலகிச் செல்ல நியாயமான காரணம் இருந்தும், தம் வீரரை விட்டு நீங்காது நின்றாரே, அந்நிலையே அவர் பெருமை.

2023-ஆம் ஆண்டு அந்தமான் தீவு ஒன்றிற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. ஆவடியோ விஜயந்தாவைக் கடந்து அர்ஜுன் வரை வளர்ந்துவிட்டது. அவ்வழியே இரயிலில் செல்லும்பொழுது, அங்கு உருவாகும் இரும்பையும் அதனுள் அமரவிருக்கும் மனிதரையும் சேர்த்தே நினையுங்கள். இரும்புக்குக் கவசம் நாம் செய்கின்றோம். மனவுறுதிக்குக் கவசம் அவரவரே செய்துகொள்ள வேண்டும். அதனை வார்க்கும் உலை உங்கள் பள்ளிப் பருவமே.