நினைவூட்டுக் கடிதத்தின் கதை

அலுவலக வாழ்வில் அளவில் மிகச் சிறியதும் எழுதுவதற்கு மிகக் கடினமானதுமான கடிதம் எது என்று கேட்டால், நினைவூட்டுக் கடிதம் என்றே நாம் விடை சொல்வோம். முதல் கடிதம் எழுதுவது எளிது. அதற்குப் பதில் வராத நிலையில், பதினைந்து நாள் கழித்து, அதே மனிதருக்கு அதே செய்தியை மீண்டும் எழுத வேண்டும் என்னும்போதுதான் பேனா தயங்குகிறது. கெஞ்சினால் நம் மதிப்புக் குறையும். அதட்டினால் உறவு முறியும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய வரப்பில் நடக்கத் தெரிந்த எழுத்தருக்கு அலுவலகங்களில் என்றும் தனி மதிப்பு உண்டு.

இன்று அந்த வரப்பில் நமக்காக இயந்திரம் நடக்கிறது. இன்னாருக்கு ஒரு நினைவூட்டல், பணிவாக, நான்கு வரியில் என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால், கண்மூடித் திறப்பதற்குள் கடிதம் வந்துவிடுகிறது. நாமும் சில மாதங்களாக இவ்வசதியை அனுபவித்து வருபவர்களே. ஆயினும் அண்மையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இக்கடிதம் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நிகழ்ச்சியைக் கடைசியில் சொல்கிறோம்; பாதையை முதலில் பார்ப்போம்.

பாதை தொடங்குமிடம் களிமண். மெசபொடேமியாவில், நம் காதுக்கு உறவுபோல் ஒலிக்கும் 'ஊர்' என்னும் பெயர் கொண்ட நகரில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் கி.மு. 1750ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட களிமண் பலகை ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வணிகருக்கு அனுப்பியது. தரம் குறைந்த செம்பைக் காட்டியது, பணத்தைக் கேட்டு அனுப்பிய ஆட்களை வெறுங்கையுடன் திருப்பியது, அவர்கள் பகைவர் நிலத்தைக் கடந்து வந்துபோக நேர்ந்தது என்று குறைகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. பதில் வராத மனிதனின் ஆற்றாமை நான்காயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் கவனத்துக்குரியது அக்கடிதங்களின் தொடக்கம். அக்காடிய மொழிக் கடிதங்கள் பெறுநரை நேராக விளிப்பதில்லை. இன்னாரிடம் சொல், இன்னார் கூறுவது இது என்று, கடிதத்தை வாசித்துக் காட்டப்போகும் ஆளுக்குக் கட்டளையிடுவதாகவே அவை தொடங்கும். ஆப்பெழுத்தைக் கற்றவர் சிலரே ஆதலால், சொல்பவர் ஒருவர், களிமண்ணில் பதிப்பவர் வேறொருவர் என்பதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே நம் கடிதத்தைப் பிறர் எழுதித் தருவது இன்று முளைத்த புதுமையன்று. கடிதம் பிறந்தபோதே எழுத்தரும் உடன்பிறந்துவிட்டார்.

ஆளைப் போலவே வடிவமும் இரவலாக வந்தது. ஐரோப்பாவில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில், குறிப்பாக இத்தாலியில், கடிதம் எழுதுதல் ஒரு கலையாக வளர்ந்து இலக்கணமும் பெற்றது. வணக்கம், பெறுநரின் நல்லெண்ணத்தை ஈர்த்தல், செய்தி கூறல், வேண்டுகோள், முடிப்பு என ஐந்து உறுப்புகள் வகுக்கப்பட்டன. இன்று இயந்திரம் தரும் நினைவூட்டலைப் பிரித்துப் பாருங்கள். அதே ஐந்து உறுப்புகள், அநேகமாக அதே வரிசையில் நிற்கும். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்ற அந்த அழியாத வரி, இரண்டாம் உறுப்பின் வழித்தோன்றலே.

சொல்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர், வடிவமோ பொதுச்சொத்து என்றால் பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்குச் சோழர் ஆட்சி தெளிவான விடை வைத்திருந்தது. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை என்னும் அலுவலர் எழுதுவார். திருமந்திர ஓலை நாயகம் அதை ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். பின்னர் அது புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை எனப் பல கைகளைக் கடந்து கணக்கில் ஏறும். அவ்வாறு கடந்த கைகளின் பெயர்கள் செப்பேட்டிலும் கல்லிலும் பொறிக்கப்பட்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் பெயருள்ள ஒரு மனிதர் பிணை நின்றார்.

நூற்றாண்டுகள் கடந்து சென்னை மாகாணத்து அலுவலகங்களுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே வேரூன்றிய அலுவலக நடைமுறைக்கு 'டாட்டன்ஹாம் முறை' என்று பெயர். இதை வகுத்தவர் ஐ.சி.எஸ். அதிகாரி டாட்டன்ஹாம். வருகிற ஒவ்வொரு தபாலுக்கும் எண்; ஒவ்வோர் எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு; பதில் வரவேண்டிய கோப்புகளின் எண்களை அந்தந்தத் தேதியின் கீழ்க் குறித்துவைக்க ஒரு நினைவூட்டு நாட்குறிப்பு. எழுத்தர் காலையில் வந்து அன்றைய பக்கத்தைப் புரட்டினால், யாருக்கெல்லாம் நினைவூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். மனிதரின் மறதிக்கு மாற்றாக மைக்கூட்டையும் கோடிட்ட தாளையும் கொண்டு செய்த இயந்திரம் அது.

ஆனால் அதே அலுவலக மரபு இன்னொன்றையும் அறிந்திருந்தது. நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுப் போகும் கடிதங்களுக்கு ஒரு கட்டத்துக்குமேல் மதிப்பிராது. வழக்கம்போல் வருவது வழக்கம்போல் கட்டில் சேரும். அந்நிலையில் எடுக்கப்படும் கருவி நேர்முகக் கடிதம். பதவிக்கு எழுதாமல் பெயர் சொல்லி மனிதருக்கே எழுதுவது அது. நடுவிலுள்ள செய்தியைத் தட்டச்சர் அடித்திருப்பார். தொடக்கத்தின் விளிப்பையும் இறுதியின் முடிப்பையும் அதிகாரி தம் கைப்பட மையால் எழுதுவது மரபு. அந்த நாலைந்து சொற்களில் புதுச் செய்தி எதுவும் இல்லை. உன்னை நினைத்து நானே பேனாவை எடுத்தேன் என்பதுதான் செய்தி.

மின்னஞ்சல் இந்தக் கணக்கைக் குலைத்தது. 1971ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பியபின், தபால்தலையும் உறையும் இல்லாமல் நினைவூட்டுவது படிப்படியாக எல்லோருக்கும் எளிதாயிற்று. எளிதானது பெருகியது. 2015இல் கூகுள் நிறுவனம், வந்த அஞ்சலுக்குக் குறும்பதில்களைத் தானே முன்மொழியும் வசதியை வெளியிட்டது. அதன் தொடக்கநிலை மாதிரி, எதற்கெடுத்தாலும் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற பதிலை முன்மொழியும் பழக்கம் கொண்டிருந்ததாக அந்நிறுவனமே வேடிக்கையாகக் குறிப்பிட்டது. 2018இல், அனுப்பி மூன்று நாளாயிற்று, தொடரலாமா என்று ஜிமெயிலே கேட்கத் தொடங்கியது. டாட்டன்ஹாமின் நாட்குறிப்பு கண்ணாடித் திரைக்குள் புகுந்துகொண்டது என்று சொல்லலாம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது, தட்டச்சரின் இடத்தோடு, அதிகாரி கைப்பட எழுதிய விளிப்பின் இடமும் இயந்திரத்தின் வசம் வந்தது.

இதன் விளைவை உலகம் விரைவிலேயே பார்த்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். வேறொரு பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட்டின் பீபாடி கல்லூரி, தன் மாணவர்களுக்கு ஆறுதல் மடல் ஒன்றை அனுப்பியது. ஒருவருக்கொருவர் துணையாக இருப்போம் என்னும் பொருள்பட்ட அம்மடலின் அடியில், அது சாட்ஜிபிடியிலிருந்து தழுவியது என்ற குறிப்பு இருந்தது. மாணவர்கள் கொதித்தனர், கல்லூரி மன்னிப்புக் கேட்டது. மடலின் சொற்களில் பிழை இல்லை. துயரத்தைப் பற்றி எழுத ஒரு மனிதர் சில நிமிடம் துயரத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை என்பதே பிழை.

இனி நம் நிகழ்ச்சி. நாம் பணிபுரியும் இடத்தில் வெளியீடுகளுக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தம் மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். வருந்தினோம், உண்மையாகவே வருந்தினோம். இரண்டு நாள் கழித்து, பணி முடிக்காத எட்டுப் பேரின் பட்டியலைச் செயலியிடம் கொடுத்து எட்டு நினைவூட்டல் கேட்டோம். எட்டும் அழகாக வந்தன, எட்டையும் அனுப்பினோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்று தொடங்கிய கடிதம் அவருக்கும் போயிற்று. மாலையில் ஒரு வரிப் பதில்: "தம்பி, முந்தாநாள்தானே சொன்னேன்?" மறுநாள் காலையில் மெய்ப்புகள் முழுவதும் வந்து சேர்ந்தன. அவர் பதிலைவிட அம்மெய்ப்புகள்தாம் நம்மைக் கூடுதலாகச் சுட்டன. மருத்துவமனை விளக்கொளியில் உட்கார்ந்து அவற்றைத் திருத்தியிருக்கிறார்.

இயந்திரத்தைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாம் சொல்லாததை அது எப்படி அறியும்? ஆனால் ஒன்று புரிந்தது. களிமண்ணில் பதித்தவர், திருமந்திர ஓலை எழுதியவர், தன்பதிவேட்டைச் சுமந்த எழுத்தர் ஆகிய எவரும் வெறும் கைகளல்லர். அவர்களுக்கும் காது இருந்தது. 'ஐயா, அவர் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாரே, இந்த வாரம் போக வேண்டுமா?' என்று கடிதத்தை ஒரு நொடி நிறுத்திவைக்க அவர்களால் முடிந்தது. எழுத்தரின் பேனாவை இயந்திரத்திடம் கொடுத்தோம். அந்த ஒரு நொடியை யாரிடமும் கொடுக்காமல் தொலைத்துவிட்டோம்.

பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் நடுவிலுள்ள செய்தியை எழுதும் வேலையும் இன்றும் இயந்திரத்துடையவைதாம். அதில் நமக்கு வெட்கமில்லை. டாட்டன்ஹாமும் அதைத்தான் செய்தார். ஆனால் அனுப்புவதற்குமுன் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறோம். முதல் வரியை நாமே எழுதுகிறோம். சில பெயர்களைப் படித்ததும், கடிதத்தை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறோம்.