கட்டுமரம் 'கற்றமரான்' ஆனமை

ஆங்கிலேயர் சாதாரணமாக வழங்கும் சொற்களுள் 'கற்றமரான்' என்பது ஒன்று. இரண்டு உடல்களை ஒரு தளத்தினால் இணைத்த விரைவுக் கலத்தையே அச்சொல் இன்று குறிக்கின்றது. அதன் மூலம் தமிழின் 'கட்டுமரம்' என்பதில் ஐயமில்லை. ஆங்கில அகராதிகாரரும் அவ்வாறே கூறுவர். ஆயின், சொல் நமதாயிருப்பதனால் அக்கலமும் நமதே என்று மேடைகளிற் பேசுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கட்டுமரத்துக்குக் கூடுபோன்ற உடல் கிடையாது. பாரமற்ற மரக்கட்டைகள் சிலவற்றைச் செதுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றினாற் கட்டுவதே அதன் அமைப்பாகும். ஏறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். ஆதலால் அது நீர் நிரம்பி அமிழ்வதில்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலரவிடுவர். எனவே பெயரிலுள்ள 'கட்டு' வெறும் அடைமொழியன்று; அத்தொழிலின் உயிர்நிலை அதுவே.

1639 இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம்பெற்றபோது அங்கே துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் கரையலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. வேறு படகுகள் செல்லவியலாத கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர் கடிதங்களைக் கொண்டு சென்றனர். அவை நனையாதிருக்கத் தலைக்குல்லாயினுள் வைத்துக்கொள்வராம். வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி 1697 இல் வெளியிட்ட பயணநூலிலே சோழமண்டலக்கரைக்குரிய இக்கலத்தைப் பெயர் கூறியே விவரித்துள்ளார்.

திருக்கோணமலையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆழமும் காப்பும் உடைய இயற்கைத் துறை இது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் சோழமண்டலக்கரையில் நிற்கவியலாத போர்க்கப்பல்கள் இங்கே ஒதுங்கலாம். அதனாலன்றோ 1782 சனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஓகஸ்டிற் பிரான்சியரும் இதனைக் கைப்பற்றினர்! 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1957 வரை அவர்தம் கடற்படைத்தளமாக விளங்கிற்று. கப்பல் அமைதியாக உட்புகும் இத்துறையிலே கட்டுமரத்தை நம்பியிருக்கும் தேவை அவர்களுக்கு இல்லை. கட்டுமரத்தை ஆங்கிலேயர் நாவில் ஏற்றியது சென்னைக் கடலின் குறைபாடே எனலாம். ஏறிய பின்னரோ அவர்கள் அதனைக் கண்டபடி வழங்கினர். சிங்கள மீனவரின் 'ஓரு' என்னும் பக்கமிதவைத் தோணியையும் 'கற்றமரான்' என்றே எழுதினர்.

1804 ஒக்டோபரிலே பூலோன் துறையில் நின்ற பிரான்சியக் கப்பல்கள்மீது ஆங்கிலேயர் வெடிமருந்துப் பேழைகளை மிதக்கவிட்டனர். றொபேட் புல்ற்றன் வகுத்த அப்பேழைகளுக்கும் இதே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சண்டைக்காரியையும் இச்சொல்லாற் சுட்டினர். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லின் ஒலி இதன் முதலில் அமைந்திருப்பதே அதற்குக் காரணமாகலாம்.

1876 இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரசோவ் 'அமரிலிஸ்' என்னும் இரட்டையுடற் பாய்க்கலத்தை நியூயோர்க்குப் பந்தயத்திற் செலுத்தி ஏனையவற்றை முந்தினார். அதன்பின் இன்றைய பொருள் நிலைபெறலாயிற்று. இரட்டையுடற் கலங்களைத் தொன்றுதொட்டுக் கட்டியவர்கள் பசிபிக் தீவுகளின் பொலினீசியர். அவர்தம் கலத்துக்குத் தமிழ்ப்பெயர் வாய்த்தது, வரலாற்றின் ஒரு வேடிக்கை. அவர்களுக்குரிய பெருமையைச் சோழர் கடற்படைக்கு ஏற்றிச் சொல்வது முறையன்று. கட்டைகளைப் பிணைத்துப் பேரலையைக் கடந்த திறனே நம்மவர்க்குரியது.

அத்திறனும் அருகிவருகின்றது. தமிழகக் கரையிலே கண்ணாடியிழைப் படகுகள் முன்னரே பரவத் தொடங்கியிருந்தன. 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாகப் பல ஊர்களில் அவையே வழங்கப்பட்டன.