ஜப்பானிய வாள் மதிப்பீடு

ஜப்பானிய வாள் மதிப்பீடு (கந்தேய்) என்பது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பழைய வாள் எக்காலத்தது, எந்த மாகாணத்தைச் சேர்ந்தது, எந்தக் கொல்லர் மரபில் அடிக்கப்பட்டது, இயலுமாயின் எவர் கைவேலை என்பவற்றை அதன் அலகைக் கொண்டே கண்டறியும் துறையாகும். உறையும் பிடியும் கைக்காப்பும் (சூபா) அவ்வக்கால வழக்குக்கேற்ப மாற்றப்பட்டு வந்தமையால், அவை அலகின் வயதுக்குச் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை.

மதிப்பீட்டாளர் முதலில் வடிவத்தையும், அடுத்து எஃகின் மேற்பரப்பில் மடிப்படியால் உண்டான இழையோட்டத்தையும் (ஜிஹாதா), பின்னர் வாய்ப்புறத்தின் தோய்ச்சல் கோட்டையும் (ஹாமோன்) நோக்குவார். கொல்லர் முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசி, அலகைச் சூடேற்றி நீரில் தோய்ப்பதால் வாய்ப்புறம் மட்டும் கடினமுற, இரு பகுதியும் சந்திக்கும் இடத்தில் இக்கோடு தோன்றுகிறது. அதிலுள்ள படிகங்கள் மணிமணியாகக் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பின் நியே என்றும், பனிப்படலம் போலத் தோன்றின் நியோய் என்றும் வழங்கப்படும். முன்னது சோஷூ மரபுக்கும் பின்னது பிசென் மரபுக்கும் சிறப்பாக உரியதாகச் சொல்லப்படுகிறது. பிடிக்குள் செருகப்படும் அடித்தண்டு (நகாகோ) இறுதியில் பார்க்கப்படும். அதன் கருத்த துரு, அரத்தடங்கள், மூங்கில் ஆணித் துளைகள், பொறித்த பெயர் ஆகிய அனைத்தும் சான்றுகளே. பெயரைப் பொய்யாகப் பொறிப்பது எளிது, துருவைப் பொய்யாக ஏற்றுவது கடினம். ஆகவே வாரிசுகள் நல்லெண்ணத்தோடு துருவைத் தேய்த்து எடுத்துவிடும்போது, வாளின் வயதைச் சொல்லும் முதன்மையான சான்று அழிந்துபோகிறது.

இத்துறையின் தொடக்கம் தெளிவாக இல்லை. அரியணை துறந்த கோதோபா பேரரசர் (1180–1239) நாட்டின் சிறந்த கொல்லர்களை மாத முறை வைத்து அழைத்து வாள் அடிக்கச் செய்தார் என்ற மரபுவழிச் செய்தி, வாள்களைத் தரம் பிரித்தறியும் வழக்கம் அரசவையில் முன்பே இருந்ததைக் குறிக்கலாம்; ஆயினும் அக்கொல்லர்களின் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. இன்று கிடைக்கும் மிகப் பழைய வாள் நூல், கியோத்தோவின் தோஜி கோயிலைச் சேர்ந்த கஞ்சி-இன் மடத்தில் இருந்த கொல்லர் பெயர்த் தொகுப்பாகும். 1423இல் படியெடுக்கப்பட்ட இதில் 1316ஆம் ஆண்டளவைச் சேர்ந்த செய்திகளும் கலந்துள்ளன.

மதிப்பீட்டைத் தொழிலாகவும் பின்னர் அதிகாரமாகவும் ஆக்கியவர்கள் ஹொனாமி குடும்பத்தினர். இக்குடும்பத்தின் முன்னோரான மியோஹோன், பதினான்காம் நூற்றாண்டில் ஷோகுன் அஷிகாகா தகாவுஜியிடம் பணிபுரிந்தார் என்பது குடும்ப மரபு. மெருகிடுதல், துடைத்துப் பேணுதல், மதிப்பிடுதல் ஆகிய மூன்றும் அவர்களுக்கு உரிய பணிகளாக இருந்தன. மெருகிடுபவரே மதிப்பிடுபவராகவும் இருந்தது தற்செயலன்று. ஓர் அலகை நாட்கணக்கில் கல்லில் தேய்ப்பவருக்கு அதன் எஃகு தெரிவதுபோல் வேறெவருக்கும் தெரிய வாய்ப்பில்லை. எழுத்துக் கலையிலும் மட்பாண்டத்திலும் அரக்கு வேலையிலும் புகழ்பெற்ற ஹொனாமி கோயெத்சு (1558–1637) இக்குடும்பத்தவரே. தொயோதோமி ஹிதெயோஷியின் காலத்தில் வாழ்ந்த கோதோகு, தாம் கண்ட அரிய வாள்களின் வடிவையும் தோய்ச்சல் கோட்டையும் வரைந்து தொகுத்தார்; பிற்காலத்தில் எரிந்துபோன பல வாள்களைப் பற்றி அவ்வரைபடங்களே இன்று பேசுகின்றன.

தோக்குகவா ஆட்சியில் பெருநிலக்கிழார்கள் பட்டமேற்கும்போதும் பட்டம் துறக்கும்போதும் ஷோகுனுக்கு வாள் காணிக்கை செலுத்தினர். அக்காணிக்கையோடு ஹொனாமி தலைமைக் குடும்பத்தின் சான்றிதழும் சென்றது. தடித்த தாளை இரண்டாக மடித்து எழுதப்பட்டமையால் ஓரிகாமி எனப்பட்ட இச்சான்றிதழில், கொல்லர் பெயர், அலகின் நீளம், பொற்காசுகளில் மதிப்பு ஆகியவை குறிக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதின்மூன்றாம் தலைவராக இருந்த கோச்சூ வழங்கியவையே மிகுந்த நம்பிக்கைக்கு உரியவை என்பது சேகரிப்பாளர் கருத்து. அவருக்குப் பின் வந்தோரின் சான்றிதழ்களில் தாராளம் மிகுந்தது என்ற குறை பரவலாகக் கூறப்பட்டாலும், அது எவ்வளவு உண்மை என்பதில் ஒத்த கருத்து இல்லை.

நீண்ட வாள்களை இடையில் செருகுவதற்கேற்ப அடித்தண்டிலிருந்து வெட்டிக் குறுக்கும் வழக்கத்தால் பழம்பெயர்கள் பல அழிந்தன. அத்தகைய தண்டுகளில் ஹொனாமியினர் தம் முடிவைப் பொன்னிழையால் பொறித்தனர். குறுக்கப்படாது, தொடக்கத்திலேயே பெயரின்றி இருந்தவற்றில் செவ்வரக்கால் எழுதினர். 1719இல் எட்டாம் ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி தொகுக்கப்பட்டதாகக் கூறப்படும் கியோஹோ புகழ்வாள் பட்டியல் இக்காலத்தின் பெரும்பணி. அதில் இடம்பெற்ற வாள்களின் எண்ணிக்கை பிரதிக்குப் பிரதி வேறுபடுகிறது. சில வாள்களின் மதிப்பு பொற்காசுக் கணக்கில் தரப்பட, சிலவற்றுக்கு விலை தெரியாது என்றும், சிலவற்றுக்கு விலையே இல்லை என்றும் எழுதப்பட்டுள்ளது. 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோதும் 1657இல் ஏதோ நகரைத் தீ விழுங்கியபோதும் எரிந்தவை தனிப்பகுதியாக இடம்பெற்றிருப்பது, ஏட்டுக் கணக்கையும் மீறிய ஒரு துயரத்தைக் காட்டுகிறது. இப்பட்டியல் உயர்த்திப் பேசும் கொல்லர் மூவருள் ஒருவரான கோ யோஷிஹிரோவின் பெயர் பொறித்த அலகு ஒன்றுகூட உறுதியாக அறியப்படவில்லை. அவர் பெயரில் வழங்குபவை அனைத்தும் மதிப்பீட்டாளர் தீர்ப்பால் நிலைபெற்றவை. கோவையும் பேயையும் கண்டவர் இல்லை என்று ஜப்பானியர் சொல்வது இதனால்தான்.

வாள் கற்போருக்கான ஏலமுறைப் பயிற்சியும் (ந்யூசத்சு கந்தேய்) இன்றுவரை தொடர்கிறது. அடித்தண்டை மூடி வைத்து அலகை மட்டும் காட்ட, கற்பவர் கொல்லர் பெயரைச் சீட்டில் எழுதித் தருவார். சரியாயின் அதாரி என்பது விடை. அதே பட்டறையைச் சேர்ந்த நெருங்கிய கொல்லரைச் சொன்னால் தோசென், அதாவது ஏறத்தாழச் சரி. மாகாணம் மட்டும் பொருந்தினால் அதற்கொரு விடை. பழைய நெடுஞ்சாலைப் பகுதி மட்டும் பொருந்தினால் அதற்கும் ஒரு விடை. எதுவும் பொருந்தாவிடின் இயா. தவறுக்கும் படிநிலை வகுத்த இம்முறை, கற்பவரைக் கைப்பிடித்து நெருக்கமாக அழைத்துச் செல்கிறது.

1876இல் வாள் அணிவதற்குத் தடை வந்தபின் இத்துறை தளர்ந்தது. 1896இல் அரண்மனை வாள் மதிப்பீட்டாளரான இமமுரா சோகா, பெருங்கொல்லர் மசமுனே உண்மையில் வாழ்ந்தவரா என்று நாளிதழில் ஐயம் எழுப்பியது பெரும் பூசலை உண்டாக்கியது. கஞ்சி-இன் தொகுப்பில் மசமுனேயின் பெயர் இருப்பதை எதிர்த்தரப்பினர் காட்டினர். இன்று பெரும்பாலோர் அவர் வாழ்ந்ததை ஏற்கின்றனர். அவருடையவை எனப்படும் பெயரில்லாத அலகுகளைப் பற்றிய விவாதமோ ஓயவில்லை.

1945இல் ஜப்பான் சரணடைந்தபின் வாள்கள் ஆயுதங்களாகக் கருதிப் பறிமுதல் செய்யப்பட்டன. ஹொன்மா ஜுன்ஜி, சத்தோ கன்இச்சி ஆகியோரின் முயற்சியால், கலைமதிப்புடையவற்றைச் சோதித்து விலக்களிக்கும் முறை 1946இல் ஏற்பட்டது. 1948இல் ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதற்குள் எண்ணற்ற வாள்கள் போர்வீரர்களின் நினைவுப் பொருள்களாகக் கடல் கடந்திருந்தன. தோக்குகவா குடும்பம் ஒப்படைத்த ஹொஞ்ஜோ மசமுனே என்னும் வாள் எங்கே சென்றது என்பது தெரியவில்லை; அதைப் பெற்றவராகக் குறிக்கப்படும் பெயரே பிழையாக எழுதப்பட்டிருக்கலாம் என்பர். மாறாக, ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குரிய குனிமுனே வாளை அமெரிக்காவில் கண்டெடுத்த சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டன், விலை பெறாமல் 1963இல் திருப்பியளித்தார். வெளிநாட்டு வாரிசுகளின் கையிலுள்ளவற்றில் போர்க்கால ஆலை வாள்களும் ஏராளம். அலுமினியப் பிடியும் அலகில் பொறித்த தொடரெண்ணும் கொண்டவை அடிநிலை அதிகாரிகளுக்கான 1935ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தவை. எனினும் படைத்துறைப் பிடிக்குள் குடும்பத்துப் பழைய அலகு ஒளிந்திருப்பதும் உண்டு. பிடியைக் கழற்றாமல் முடிவு கூற இயலாது.

மேற்கண்ட சங்கம் வழங்கும் தரச்சான்றுகள் 1982 முதல் இன்றைய வடிவில் உள்ளன. அதன் அருங்காட்சியகம் 2018இல் தோக்கியோவின் ரியோகொகு பகுதிக்கு மாறியது. வெளிநாட்டிலிருந்து ஜப்பானுக்குள் கொண்டுவரப்படும் வாள் காவல்துறையிடம் அறிவிக்கப்பட்டு, மாகாணக் கல்வி வாரியத்தின் பதிவைப் பெற வேண்டும். மரபுமுறையில் அடிக்கப்படாத ஆலை வாளுக்கு அப்பதிவு கிடைப்பதில்லை.