கையெழுத்துக்குக் கெடு இல்லை: இந்தியக் குடியரசுத் தலைவரின் அதிகாரம், 1950–2025

குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் பிரதமர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது பிரிவு சொன்னது இவ்வளவுதான். அந்த ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவரா என்பதைப் பிரிட்டிஷ் மரபு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கு அதில் நிறைவில்லை. இந்து சட்டத் தொகுப்பு மசோதா விஷயத்தில் சொந்த முடிவுப்படி நடக்க விரும்புவதாக 1951 செப்டம்பரில் நேருவுக்கு எழுதினார். அதற்கு இடமில்லை என்றார் அட்டர்னி ஜெனரல் செதல்வாட். 1960இல் டெல்லியில் இந்தியச் சட்ட நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப் போனபோதும், தம் பதவியின் அதிகாரங்களை ஆராயுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

1975 ஜூன் 25 இரவு நிலைமை தலைகீழ். அமைச்சரவை கூடவே இல்லை. பிரதமரின் கடிதத்தை வைத்தே ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சர்கள் கூடியது மறுநாள் காலையில். மறுக்க நியாயம் இருந்த ஒரே இரவில் மறுப்பு வரவில்லை என்பதே என் கணிப்பு. குளியல் தொட்டியில் இருந்தபடியே தலைவர் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கதவிடுக்கில் நீட்டுவதாக அபு ஆபிரகாம் அந்த டிசம்பரில் வரைந்த கார்ட்டூன், நீண்ட ஆய்வுகளைவிடக் கச்சிதமானது.

1976இல் 42ஆவது திருத்தம் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. 1978இல் 44ஆவது திருத்தம், ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கட்டைச் சற்றுத் தளர்த்தியது. மசோதாக்களுக்கு ஒப்புதல் தரும் 111ஆவது பிரிவிலோ கையெழுத்திடக் கெடு ஏதும் இல்லை.

அந்தச் சந்தில் புகுந்தவர் ஜெயில் சிங். கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்த அஞ்சல் திருத்த மசோதா 1986இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அவர் மேசைக்கு வந்தது. ஒப்பவும் இல்லை, திருப்பவும் இல்லை. 1987இல் பதவி முடிந்து அவர் போனார்; மசோதா இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் 1990இல் திருப்பியனுப்பினார். 2002இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆதாயப் பதவி மசோதாவை 2006 மே மாதம் வெளிப்படையாகத் திருப்பிய அப்துல் கலாமோ, அது மாறாமல் மீண்டும் வந்ததும் ஆகஸ்டில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. வாய்விட்டுச் சொன்ன எதிர்ப்பு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மௌனம் ஒரு மசோதாவையே முடித்துவைத்தது.

மாநில மசோதாக்களில் இந்த மௌனம் கைமாறிவிடுகிறது. 201ஆவது பிரிவின்படி ஆளுநர் ஒதுக்கி அனுப்பும் மசோதாவிலும் தலைவர் மத்திய அமைச்சரவை சொற்படியே நடக்கிறார். காத்திருக்க வைப்பது அமைச்சரவைதான். தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு இடமில்லை என்று கருத்துரைத்தது. அதே 201ஆவது பிரிவில், திருப்பியனுப்பப்பட்ட மசோதாவை மறுபரிசீலிக்கச் சட்டமன்றத்துக்கு மட்டும் கெடு எழுதப்பட்டிருக்கிறது: ஆறு மாதம்.