டி.ஆர்.பி.யில் வாழ்ந்த கொழும்புக் கணக்கப்பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அம்பத்தூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது கனடாவின் குடிமகன். "டீச்சர், அமெரிக்காவுல வேலை கிடைச்சிருக்கு. டி.என். விசால போறேன்" என்றான். அது என்னடா என்று கேட்டேன். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட நாஃப்டா ஒப்பந்தத்தால் 1994 முதல் வந்த ஏற்பாடாம். பக்கத்து நாட்டுக்காரராக இருக்க வேண்டும், செய்யும் தொழில் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று வருடம் வரை கொடுப்பார்கள், பிறகு நீட்டிக்கலாம். ஆனால் நிரந்தரமாகத் தங்குகிற எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் ஆசிரியர் உண்டா என்று ஆசையாகக் கேட்டேன். கல்லூரி, பல்கலைக்கழகத்தில் நடத்துகிறவர்கள்தான் உண்டாம். டீச்சர் டிரெய்னிங் முடித்த என்னைப் போன்றவர்களுக்கு இடமில்லை. போகட்டும்!

போனை வைத்ததும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவரும் பக்கத்து நாட்டில் தற்காலிக அனுமதியில் வேலை பார்த்தவர். அதற்குப் பெயர் டி.ஆர்.பி. இன்றைக்கு டி.ஆர்.பி. என்றால் டிவி சீரியல் நினைவுக்கு வரும். அன்றைக்கு ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் அது டெம்பரரி ரெசிடென்ஸ் பெர்மிட், இலங்கையில் தற்காலிகமாகக் குடியிருக்கும் அனுமதி.

அதற்கு முன்னால் எந்தப் பெர்மிட்டும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல், அந்தப் பக்கம் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. இரண்டு கரையிலும் வெள்ளைக்காரன் ஆட்சி என்பதால் படித்தவர்கள் இங்கும் அங்கும் சாதாரணமாகப் போய் வந்தார்கள். யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். இங்கிருந்து போன வ.ரா. கொழும்பில் வீரகேசரிக்கு ஆசிரியராக இருந்தார். இவர்களில் யாரையும் "எத்தனை வருஷத்துக்கு வந்தாய்?" என்று யாரும் கேட்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் கதை வேறு. கங்காணிகள் திரட்டி, மண்டபம் முகாமில் அடைத்துச் சோதித்து அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். நான் சொல்ல வந்தது நடுவில் இருந்தவர்களைப் பற்றி. கடைக் கணக்கப்பிள்ளை, கிளார்க், டைப்பிஸ்ட், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவர்.

பெரியப்பா 1937-ல், பதினேழு வயதில், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதப் போனார். அவர் போன இரண்டாவது வருடமே காற்று மாறிவிட்டது. இலங்கை அரசு தன் இலாகாக்களில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்க முடிவு செய்தது. பேசிப் பார்க்க 1939 ஜூலையில் நேரு கொழும்புக்குப் போனார். பலன் இல்லை. அந்த ஆகஸ்டிலேயே இந்தியா தன் பக்கத்தில் கூலித் தொழிலாளர்கள் இலங்கை போவதற்குத் தடை போட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1948-ல் குடியுரிமைச் சட்டம், அதே வருடம் குடிவரவு குடியகல்வுச் சட்டம். 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனிக் குடியுரிமைச் சட்டம். இந்த மூன்றாவதில்தான் பெரியப்பா மாட்டிக்கொண்டார். 1946 ஜனவரி 1-க்கு முன்னால், மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். மணமானவரென்றால் மனைவியும் மைனர் பிள்ளைகளும் அங்கேயே வசித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே வருடம் அவகாசம்.

கடைச் சிப்பந்திகளின் வாழ்க்கையே வேறு மாதிரி என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கடையிலேயே சாப்பாடு, கடை மாடியில் படுக்கை. பெண்டாட்டி பிள்ளைகள் பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவார். தோட்டத்தில் குடும்பத்தோடு லயத்தில் இருந்தவருக்காவது இந்தச் சட்டத்தில் வாதாட இடம் இருந்தது. அவர்களிலும் மிகப் பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடிதான். பெரியப்பாவுக்கு விண்ணப்பம் போடவே வழியில்லை. நம் அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவு வெளிநாட்டில் இருந்த இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகன் ஆகலாம் என்றது. அப்படிப் பதிந்து பாஸ்போர்ட் வாங்கி, அதன் மேல் டி.ஆர்.பி. வாங்கிக்கொண்டார்.

முதலில் நீட்டிப்பு சுலபமாகக் கிடைத்ததாம். வேலையை இலங்கையர்க்கே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இறுக இறுக, அதுவும் இறுகியது. "முதலாளி நல்லவர்தான், ஆனா என் பெயரை எழுதும்போதெல்லாம் 'இந்த ஆளுக்குப் பதில் ஆள் இல்லை'ன்னு எழுதணும். இருபது வருஷம் கணக்கு எழுதினவனுக்குப் பதில் ஆள் கிடைக்காமலா போகும்?" என்பார். 1963-ல் நீட்டிப்பு கிடைக்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, பேச்சில் ஒட்டிக்கொண்ட 'சல்லி' என்ற சொல், இவற்றோடு தனுஷ்கோடியில் இறங்கினார். அடுத்த வருட டிசம்பர் புயலில் அந்தத் தனுஷ்கோடியே போய்விட்டது.

புயலுக்கு இரண்டு மாதம் முன்னால், 1964 அக்டோபர் 30-ல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பள்ளியில் இதை நான் நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் அந்த 9,75,000-ல் சேர்த்தி இல்லை என்பது பாடப் புத்தகத்தில் இருக்காது. ஒப்பந்தப்படி வந்தவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று ஒரு அந்தஸ்து, குடும்ப அட்டை, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று ஏதோ கொஞ்சமாவது இருந்தது. (அந்தக் கொஞ்சத்திலும் எத்தனை இழுபறி என்பது தனிக் கதை.) பெரியப்பா கடன் கேட்டு ஒரு அலுவலகத்தில் நின்றபோது, அங்கிருந்த குமாஸ்தா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க திரும்பி வந்தவர் இல்லையே, வேலைக்குப் போயிட்டு வந்தவர்தானே?" என்றாராம். இருபத்தாறு வருடம்!

எழுபதுகளில் அவர் மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்துக் குடும்பம் இங்கே வந்தது. பெரியப்பா லேத் பட்டறைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுப்பார். எங்களுக்கு எக்காய், தெக்காய், துனாய் என்று சிங்களத்தில் எண்ணச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். இலங்கை மேல் கோபமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் உண்டு, ஆனால் ஒரு பக்கமாக இல்லை. தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று ஒரு நாடு நினைப்பதில் தவறில்லை. அந்தப் பயம் அங்கே இன்னும் போகவில்லை. 2016-ல் எட்கா ஒப்பந்தப் பேச்சு நடந்தபோது, இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள் என்று இலங்கை அரசு மருத்துவர் சங்கம் போர்க்கொடி தூக்கியது. புதிதாக வருகிறவனைத் தடுக்கட்டும். ஏற்கெனவே வந்து பாதி ஆயுளைக் கழித்தவனை நேற்று வந்தவன் மாதிரி ஆக்கியதுதான் அநியாயம். நம் அரசும் அவனை எண்ணிக்கையில் சேர்க்கவில்லையே.

நாம் மட்டும் கதவைத் திறந்தா வைத்திருக்கிறோம்? 1950 ஒப்பந்தத்தால் நேபாளத்துக்காரர் விசா இல்லாமல் இங்கே வேலை பார்க்கலாம். நம் தெருவில் ராத்திரி விசில் ஊதிப் போகிற காவலாளியும் சரி, டாக்டரும் சரி. இலங்கைக்காரருக்கு அது கிடையாது. 2010-ல் விதி வந்தபோது, வேலை விசா வேண்டுமானால் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும் என்றார்கள். தங்கள் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர், மொழி ஆசிரியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணித ஆசிரியர் ஆவடிப் பள்ளிக்கு வர முடியாது. விபுலானந்தர் தமிழ் நடத்த வந்தால் விடுவார்கள். அவர் லண்டன் பி.எஸ்சி.யும் படித்தவர். அறிவியல் நடத்த வந்தால் சம்பளத்தைக் கேட்பார்கள்.

மாணவனிடம் திரும்பப் பேசினேன். "மூணு வருஷத் தாளை எல்லாம் பத்திரமா ஒரே இடத்தில வை, பழசைத் தூக்கிப் போடாதே" என்றேன். சிரித்தான். "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு டீச்சர்" என்றான்.

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி இன்னும் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது, உள்ளே தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கொழும்பிலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் இன்னும் இருக்கும். உங்கள் வீட்டில் ஒரு டி.ஆர்.பி. தாள் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். பெயர், விலாசம் வேண்டாம். எந்த வருடம், எத்தனை மாத நீட்டிப்பு, இது மட்டும் போதும்.