பொன் முகக்கவசமும் பானை ஓடும்

வரலாறு என்பது மன்னர்களின் பெயர்ப் பட்டியல் என்றே பலரும் எண்ணுகின்றனர். எந்த அரசன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்தப் போரில் வென்றான் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடமாகவே மாணவர்க்கு அது தோன்றுகிறது. ஆனால், மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் நோக்கி, இதனைச் செய்தவர் யார், அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று நாம் கேட்கத் தொடங்கினால், அதே வரலாறு உயிர்பெற்று எழுந்து நம்மோடு பேசும். இதனை நம் இளைஞர்க்கு விளக்க, எகிப்து நாட்டு அரசன் துட்டன்காமனின் கல்லறைப் புதையலை எடுத்துக்கொள்வோம்.

பண்டை எகிப்தியர், இறப்பிற்குப் பின்னும் வாழ்வு தொடரும் என்று நம்பினர். ஆதலின் இறந்தவர் உடலை அழுகாவண்ணம் பதப்படுத்தி, மெல்லிய துணிகளால் சுற்றி, மறுமைக்கு வேண்டிய பொருள்களையும் உடன் வைத்து அடக்கம் செய்தனர். தொல்பழங்கால மன்னர்கள் வானளாவும் பிரமிடுகளை எழுப்பினர். பிற்கால மன்னர்களோ, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே உள்ள வறண்ட பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து தம் கல்லறைகளை அமைத்தனர். அதுவே ‘அரசர் பள்ளத்தாக்கு’ எனப்படுகிறது.

துட்டன்காமன் ஏறத்தாழ 9 வயதில் அரியணை ஏறி, 19 வயதளவில், கி.மு. 1323 ஆம் ஆண்டையொட்டி இறந்தான். அவனுக்கு முன் ஆண்ட அகெனாதன் என்னும் மன்னன் செய்த சமய மாற்றங்களைப் பின்வந்தோர் வெறுத்தனர். அக்காலத்தோடு தொடர்புடைய மன்னர் அனைவரையும் அரசர் வரிசையினின்று நீக்கினர். துட்டன்காமன் பெயரும் அவற்றோடு மறைந்தது. அவன் கல்லறையில் கள்வர் இருமுறை புகுந்து சில பொருள்களைக் கவர்ந்து சென்றனர். பின்னர் ஆறாம் இராம்செசு மன்னனுக்கு அருகில் கல்லறை குடைந்தபோது, தொழிலாளர் கொட்டிய கற்குவியலும் அவர்கள் தங்கிய குடிசைகளும் துட்டன்காமன் கல்லறை வாயிலை மூடிவிட்டன. அதனாலேயே அது மேலும் கொள்ளை போகாமல் மூவாயிரம் ஆண்டுகள் காக்கப்பட்டது.

1922 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள், கார்னர்வான் பிரபுவின் பொருளுதவியுடன் அகழ்ந்துகொண்டிருந்த ஹோவர்டு கார்ட்டர் என்னும் ஆங்கிலேயரின் குழுவினர், அக்குடிசைகளின் அடியில் பாறையில் வெட்டிய ஒரு படியைக் கண்டனர். 16 படிகள் இறங்கியதும் முத்திரையிட்ட வாயில் தென்பட்டது. அதற்கப்பால் இருந்தவை நான்கே சிறிய அறைகள். எனினும் அவற்றினின்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு, படம்பிடித்து, சிதையாமல் வெளியே கொணரப் பத்து ஆண்டுகள் ஆயின.

அரசன் உடல் கிடந்த முறையே வியப்பிற்குரியது. பொற்றகடு போர்த்திய மரக்கோயில்கள் நான்கு, ஒன்றனுள் ஒன்றாக நின்றன. அவற்றினுள்ளே கற்பெட்டி, அதனுள்ளே மனித வடிவப் பேழைகள் மூன்று. உட்பேழை முற்றிலும் பொன்னால் ஆனது. அதன் எடை 110 கிலோவுக்கும் சற்று மிகுதி. மம்மியின் முகத்தை மூடியிருந்த பொற்கவசமோ ஏறத்தாழ 10 கிலோ எடையுடையது. அதில் பதித்த நீலக்கற்கள் இன்றைய ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்தவை.

பொன் மட்டுமா அங்கே இருந்தது? தேர்கள் ஆறு, கட்டில்கள், விசிறிகள், ஊதுகொம்புகள், ஆடைகள், மிதியடிகள், 130 ஊன்றுகோல்கள், ரொட்டி, இறைச்சிப் பெட்டிகள் எல்லாம் இருந்தன. அரசன் உடலோடு வைத்திருந்த இரும்புக் குத்துவாள், வானிலிருந்து விழுந்த விண்கல்லின் இரும்பால் ஆனது என்பதை 2016 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. மதுச்சாடிகள் மீது, அது எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் ஆயிற்று என்பதோடு, அதனை வடித்தவர் பெயரும் மையால் எழுதப்பட்டிருந்தது.

அவற்றுள் நம் சிந்தனையை மிகவும் தூண்டுபவை 413 சிறு பதுமைகள். மறுமையிலும் வயலில் உழைக்கவேண்டி வருமென்று எகிப்தியர் நம்பினர். அரசன் உழைக்கலாமா? ஆகவே அவனுக்கு மாற்றாக உழைக்க நாளுக்கு ஒருவராக 365 ஆள்கள். பத்து நாளுக்கு ஒருவராக 36 மேற்பார்வையாளர். திங்களுக்கு ஒருவராக 12 தலைவர். ஏவல் செய்வோர் இன்றி வாழ்வில்லை என்பதை அரசனின் கல்லறையே ஒப்புக்கொள்கிறது!

அவ்வாறாயின், உண்மையில் உழைத்தவர் யாவர்? இவ்வினாவிற்கு விடை பொற்கவசத்தில் இல்லை. பானை ஓட்டில் இருக்கிறது. அரசர் பள்ளத்தாக்கிற்கு அண்மையில் தெய்ர் எல் மதீனா என்னும் சிற்றூரின் இடிபாடுகள் உள்ளன. கல்லறைகளைக் குடைந்தவரும், சுவர்களில் ஓவியம் தீட்டியவரும் தம் மனைவி மக்களோடு வாழ்ந்த ஊர் அது. அவர்களுக்குக் கூலி கோதுமையும் வாற்கோதுமையுமே. அக்காலத்து எளிய மக்களிடையே அரிதாக, அவ்வூரில் எழுத்தறிந்தோர் பலர் இருந்தனர். தாள் அருமையாதலின், உடைந்த பானை ஓடுகளிலும் கற்சில்லுகளிலும் அவர்கள் எழுதினர். கணக்கு, கடிதம், வழக்கு, கடன் என ஆயிரக்கணக்கில் அவை கிடைத்துள்ளன. வேலைக்கு வராதவர் பெயரையும் காரணத்தையும் குறித்த வருகைப் பதிவு ஒன்று, இரண்டாம் இராம்செசு மன்னனின் 40 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தேள் கடித்தது, கண்நோய், தாயின் இறுதிக்கடன் எனக் காரணங்கள் அதில் உள்ளன. நம் பள்ளி வருகைப் பதிவேட்டின் மூத்த உடன்பிறப்பு அது எனலாம்.

மூன்றாம் இராம்செசின் 29 ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.மு. 1157 ஐ ஒட்டி, அவர்களுக்குக் கூலித் தானியம் உரிய காலத்தில் வரவில்லை. தொழிலாளர் கருவிகளை வைத்துவிட்டு, கோயிலொன்றின் பின்னே சென்று அமர்ந்துகொண்டனர். பசியும் தாகமுமே தங்களை அங்கே துரத்தின என்றும், உடுக்கத் துணியும் உண்ண மீனும் காய்கறியும் இல்லை என்றும் அதிகாரிகளிடம் முறையிட்டனர். பின்னர்த் தானியம் வழங்கப்பட்டது. உலகில் எழுத்தில் பதிவாகியுள்ள முதல் வேலைநிறுத்தம் என்று அறிஞர் கூறுவது இதனையே. இன்று அது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவ்வூர் எழுத்தர் ஒருவர் அதனை எழுதிவைத்ததே. அந்தப் பாப்பிரசுச் சுருள் இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

1922 இலும் இக்கதை தொடர்ந்தது. கண்டுபிடிப்பின் புகழ் கார்ட்டருக்குச் சென்றது. ஆனால் மண்ணை வெட்டியவரும் கூடையில் சுமந்தவரும் எகிப்தியரே. அகமது கெரிகர், காத் ஹசன், உசேன் அபு அவாத், உசேன் அகமது சயீத் ஆகிய மேற்பார்வையாளர் நால்வர் பெயரைக் கார்ட்டர் பதிந்துள்ளார். அக்காலப் புகைப்படங்களில் கூடை சுமந்து வரிசையாய்ச் செல்லும் சிறுவர் மிகப் பலரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கெய்ரோவிற்கு அருகே திறக்கப்பெற்ற பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில், துட்டன்காமனின் கல்லறைச் செல்வங்கள் ஓரிடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் படங்களைக் காணும் நம் இளைஞர்கள் பொன்னின் ஒளியில் கண்கூசி நின்றுவிடலாகாது. அரசன் பெயரைக் காக்க 110 கிலோ பொன் வேண்டியிருந்தது; உழைத்தவன் பெயரையும் பசியையும் உரிமைக் குரலையும் காக்க ஒரு பானை ஓடும், எழுதத் தெரிந்த ஒரு கையும் போதுமாயின.

கல்வியின் பயன் வேலைவாய்ப்பு மட்டுமன்று. நம் முன்னோர் வெட்டிய குளங்களும் கட்டிய கரைகளும் இன்றும் நிற்கின்றன. அவற்றில் அவர்தம் பெயர் இல்லை. ஊர்ப் பெரியோரை அணுகி, அவர்கள் நினைவில் உள்ளவற்றைக் கேட்டு, நாளும் ஆண்டும் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்று நம் கைக்கு எழுத்து வந்துவிட்டது. எழுதாமல் விட்டால் நாளை நம்மை எவர் அறிவர்?