அதிகம் விற்றால் அது நல்ல கேமா?

எந்த வீடியோ கேமைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "லட்சக்கணக்கில் விற்றிருக்கிறதே, சும்மாவா?" என்பது ஒரு கட்சி. "விற்பனை கிடக்கட்டும், விளையாட நன்றாக இருக்கிறதா?" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு வலுவான சாட்சி 1982-ஆம் ஆண்டு!

அடாரி 2600 கன்சோல் அமெரிக்காவில் 1977-ல் வெளிவந்தது. 1980-ல் அதற்கு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. அதுவரை காசு போட்டு ஆர்கேடில் விளையாடிய கேமை வீட்டிலேயே விளையாடலாம் என்றதும், அதற்காகவே கன்சோலையும் சேர்த்து வாங்கினார்கள். ஏமாற்றம் இல்லை. இங்கே விற்பனையும் தரமும் ஒன்றாகவே போயின.

அந்த நம்பிக்கையில்தான் 1982 மார்ச்சில் வந்த 'பேக்-மேன்' 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கன்சோலிலேயே அதிகம் விற்ற கேம் இதுதான். ஆனால் பேய்கள் விட்டுவிட்டு மினுக்கின. நிறம், சத்தம் எதுவுமே ஆர்கேடில் பார்த்தது போல இல்லை. வாங்கியவர்கள் நொந்துபோனார்கள்.

அதே வருடம் டிசம்பரில் 'ஈ.டி.' வந்தது. ஸ்பீல்பெர்க் படத்தின் பெயர், கிறிஸ்துமஸ் சீசன். அதைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே புரோகிராமருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் 5 வாரம்! சுமார் 15 லட்சம் விற்றது. ஆனால் தயாரித்து வைத்திருந்ததோ சுமார் 40 லட்சம். விற்றவற்றிலும் பல திரும்பி வந்தன.

1983-ல் அடாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. யார் யாரோ தயாரித்த மட்டமான கேம்கள் கடைகளில் குவிந்ததும் ஒரு காரணம். மிச்சச் சரக்கில் ஒரு பகுதி நியூ மெக்சிகோவின் அலமகார்டோ குப்பைக்கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014-ல் தோண்டியபோது 'ஈ.டி.' கேட்ரிட்ஜ்கள் நிஜமாகவே வெளியே வந்தன.

கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. 'பேக்-மேன்' விற்ற 70 லட்சமும் அந்தக் கேட்ரிட்ஜ் சம்பாதித்ததல்ல. ஆர்கேடும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸும்' சேர்த்து வைத்த நற்பெயரிலிருந்து எடுத்த பணம். விற்பனைக் கணக்கு நன்றாக இருந்தது, நற்பெயர்க் கணக்கு காலியாகிக்கொண்டிருந்தது. 1985-ல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ இதைப் புரிந்துகொண்டது. தன் கன்சோலுக்கு வெளி நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு 5 கேம்தான் வெளியிடலாம் என்று கட்டுப்பாடு போட்டது.

அப்படியானால் தரம் இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 2006-ல் வந்த 'ஒகாமி'யை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விற்பனை சுமார்தான். அதை உருவாக்கிய க்ளோவர் ஸ்டுடியோவை 2007-ல் கேப்காம் மூடிவிட்டது. ஆனால் கேம் சாகவில்லை. புதுப்புது கன்சோல்களில் மறுபடி மறுபடி வந்தது. 2024 டிசம்பரில் அடுத்த பாகமும் அறிவிக்கப்பட்டது.

ஆக, தயாரித்தவர் பிழைப்பாரா என்பதை விற்பனை சொல்லும். வாங்கியவர் அலமாரியில் அந்த கேம் தங்குமா என்பதைத் தரம் சொல்லும். விற்பனை எண்ணிக்கை என்பது விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே எடுத்த கணக்கு. கட்டாயம் வாங்க வேண்டிய கேமா என்பது விளையாடி முடித்த பிறகுதான் தெரியும்.